கூரையில்லாத கோயில்கள் வழியே ஒரு சைக்கிள் யாத்திரை

இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில், ஹெர்ன் பே ரயில் நிலையத்தில் இறங்கினேன். நண்பரிடம் இரவல் வாங்கிய சைக்கிள். பையில் செபமாலையும் நாலு சப்பாத்தியும். கிழக்கே மிதிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ரெக்கல்வரின் இரட்டைக் கோபுரங்கள் தெரிந்துவிட்டன. இதோ வந்துவிட்டது என்று தோன்றும், ஆனால் மிதிக்க மிதிக்க வராது.

ரெக்கல்வர், கி.பி. 200 வாக்கில் ரோமானியர் கட்டிய கோட்டை. அவர்கள் போன பிறகு, 669-ல் கென்ட் அரசன் எக்பர்ட் அந்த இடத்தை பாஸா என்ற குருவானவருக்குக் கொடுக்க, அவர் கோட்டைக்குள்ளேயே மடம் கட்டினார். மடத்துக் கோயிலின் கோபுரங்கள் 12-ம் நூற்றாண்டில் வந்தவை. அப்புறம் கடல் நெருங்கி வந்து கோட்டையில் பாதியைத் தின்றுவிட்டது. 1809-ல் ஊர்க்காரர்களே கோயிலை இடித்து, உள்ளே தள்ளி வேறு கோயில் கட்டிக்கொள்ளக் கல்லை எடுத்துப் போனார்கள். கோபுரங்கள் பிழைத்ததற்குக் காரணம் பக்தி இல்லை. மாலுமிகளுக்குக் கரையடையாளம் வேண்டும் என்று, கலங்கரை விளக்கங்களைப் பராமரிக்கும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பு அவற்றைக் காப்பாற்றியது. உள்ளே நின்ற இரண்டு தூண்கள் இன்று கேன்டர்பரி பேராலயத்தின் நிலவறையில் இருக்கின்றன.

பழைய கோயிலின் அடித்தளக் கோடுகள் புல்லில் தெரிகின்றன. பீடம் இங்கேதான் இருந்திருக்கும் என்று ஒரு இடத்தைப் பார்த்து முழந்தாளிட்டேன். செபம் வரவில்லை. காதில் காற்று இரைந்தது, பக்கத்தில் யாருடைய நாயோ குரைத்தது. சாம்பிராணி வாசத்தில், நாலு சுவருக்குள் செபித்தே வளர்ந்தவன் நான். தலைக்கு மேல் கூரை இல்லையென்றால் மனம் நிற்காது போலிருக்கிறது. எழுந்துவிட்டேன்.

அங்கிருந்து கடற்சுவரை ஒட்டியே பாதை. வலப்பக்கம் தட்டையாகக் கிடக்கும் வயல்வெளி ஒரு காலத்தில் வான்ட்சம் என்ற கடற்கால்வாய். அதற்கு அப்பால் உள்ள தானெட் பகுதி அப்போது தனித் தீவு. மின்னிஸ் பேயில் உள்ளே திரும்பியதும், அதுவரை முதுகைத் தள்ளிய தென்மேற்குக் காற்று முகத்தில் அறைந்தது. செயின்ட் நிக்கோலஸ் அட் வேட் கிராமத்துச் சக்கிமுக்கிக்கல் கோயில் வாசலில் சங்கிலி கழன்றது. 'வேட்' என்றால் நீரில் இறங்கிக் கடக்கும் துறை. நம் ஊர்த் துறைகளைப் போலத்தான், தண்ணீர் போய்விட்டது, பெயர் நிற்கிறது. கையெல்லாம் கிரீஸோடு கோயிலுக்குள் எட்டிப் பார்த்ததோடு சரி.

மின்ஸ்டர் கிராமத்தில்தான் சற்று அதிக நேரம் இருந்தேன். தன் தம்பிகள் கொலையுண்டதற்கு ஈடாக அரசனிடம் அரச குலத்துப் பெண் டொம்னேவா கேட்டது, தன் பெண்மான் ஒரே ஓட்டத்தில் சுற்றி வரும் அளவு நிலம் என்பது மரபு. அங்கே எழுந்த மடத்தில் அவருக்குப் பின் அவர் மகள் புனித மில்ட்ரெட் தலைவியானார். பின்னாளில் மடம் கலைந்துபோய், 1937-ல் பவேரியாவிலிருந்து வந்த பெனடிக்டைன் கன்னியர் திரும்பவும் விளக்கேற்றினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர்கள் பாடிய திருப்பாடல்களைக் கேட்டேன். கூரை, மெழுகுவர்த்தி, மணி, எல்லாம் இருந்தது. செபமும் தானாக வந்தது.

அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் கிளிஃப்ஸெண்டில் புனித அகுஸ்தீனார் சிலுவையைப் பார்க்காமல் போக மனமில்லை. இவர் மோனிக்காவின் மகன் அகுஸ்தீன் இல்லை. திருத்தந்தை கிரகோரியார் ரோமையிலிருந்து அனுப்பி, 597-ல் இங்கே வந்து சேர்ந்த துறவி. கென்ட் அரசன் எதெல்பர்ட் அவரைச் சந்தித்த இடம் என்று 1884-ல் நட்ட கற்சிலுவை இது. துறவிகள் வெள்ளிச் சிலுவையும் பலகையில் தீட்டிய ஆண்டவர் படமும் ஏந்தி, மன்றாட்டு மாலை பாடியபடி வந்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் பீட் எழுதியிருக்கிறார். அரசன் மட்டும் ஒரு நிபந்தனை வைத்திருந்தான்: எந்த வீட்டுக்குள்ளும் சந்திப்பு கூடாது. கூரைக்குக் கீழே போனால் வந்தவர்கள் மந்திரம் போட்டு மயக்கிவிடுவார்களாம்!

அந்த வரி நினைவுக்கு வந்ததும் தனியாகச் சிரித்துவிட்டேன். அந்த அரசன் இவர்களிடம் முதன்முதலில் நற்செய்தி கேட்டது வெட்டவெளியில், இதே காற்றில். சைக்கிளைக் கிராதியில் சாய்த்துவிட்டு, கிரீஸ் கறை போகாத கையால் சிலுவை வரைந்து, "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தாய்" என்று சத்தமாகவே தொடங்கினேன். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளும் முடிவதற்குள் தானெட் பார்க்வேயில் ஒரு ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் மிச்சமிருந்த சப்பாத்தியைச் சாப்பிட்டேன்.