அளந்த உயரம், சொன்ன உயரம்

எந்த நாட்டு முதியவர்களிடம் உடல் பருமன் அதிகம் என்று அட்டவணை போடுவது அரை நாள் வேலை என்றுதான் இந்த வேலைக்கு வந்த புதிதில் சொன்னார்கள். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ (உடல் நிறை குறியீடு). 30-ஐத் தொட்டால் உடல் பருமன். அவ்வளவுதானே?

எடையை யாரும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள், அது தெரிந்ததுதான். வயதானவர்களிடம் வம்பே உயரத்தில்தான். ஐரோப்பாவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 2004 முதல் நடக்கும் ‘ஷேர்’ ஆய்வில் இரண்டையும் வாய்வழியாகக் கேட்டே எழுதிக்கொள்கிறார்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் சொல்வது பெரும்பாலும் இளவயதில் எப்போதோ அளந்த உயரம். அதேபோல முதியவர்களைப் பற்றிய இந்தியாவின் ‘லாசி’ ஆய்வோ, 2017-18இல் வீடு வீடாகப் போய் அளந்தது. இரண்டு ஆய்வின் எண்களையும் அட்டவணையில் ஒரே பத்தியில் போட்டால் என்ன ஆகும்? 68 கிலோ எடையுள்ள பெண், உயரம் 155 செ.மீ. என்று சொன்னால் பிஎம்ஐ 28.3. முதுகு வளைந்து இப்போது 150 தான் இருக்கிறார் என்றால் 30.2. ஒரு கிராம்கூட ஏறாமல் பருமன் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

அளப்பது மட்டும் சுலபமா என்ன! களக்குழுவோடு ஒரு கிராமத்துக்குப் போனபோது பார்த்தேன். கொண்டையை அவிழ்க்காமல் பலகையை இறக்கினால் உயரம் கூடிவிடும். “கொண்டையக் கொஞ்சம் அவுத்துக்கிறீங்களா பாட்டி?” என்று கேட்டால், “எம்புட்டு வளந்திருக்கேன்னு பாக்கப் போறியாக்கும்” என்று சிரிப்பார்கள். இடுப்புச் சுற்றளவு இன்னும் சிரமம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் போக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. சரியாக அந்த இடத்தில்தான் கொசுவம் செருகியிருக்கும். எழுந்து நிற்கவே முடியாதவர்களுக்கு படிவத்தில் உயரத்துக்கான கட்டம் காலியாகவே போகும். முழங்கால் உயரத்திலிருந்து முழு உயரத்தைக் கணிக்கும் சூத்திரம் உண்டுதான். ஆனால் பரவலாகப் புழங்குவது அமெரிக்கர்களை அளந்து உருவாக்கியது.

எல்லைக்கோடும் ஒன்றல்ல. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23, 27.5 என்ற புள்ளிகளையும் பார்க்கச் சொல்லி 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இந்திய மருத்துவர்கள் 25-லேயே பருமன் என்கிறார்கள். அப்புறம் தசை கரைந்து வயிறு மட்டும் பெருத்தவர்கள் எந்தக் கோட்டிலும் சிக்குவதில்லை. என்னைக் கேட்டால், எழுபதைத் தாண்டியவர்களுக்கு பிஎம்ஐயைவிட இடுப்புச் சுற்றளவையே நம்புவேன், கொசுவத்தையும் மீறி.

மேலிடத்துக்கு ஒரே படம் வேண்டும், தரவரிசையோடு. நான் இப்போது இரண்டு படங்கள் தருகிறேன்: அளந்த நாடுகள் ஒன்றில், கேட்டு எழுதிய நாடுகள் இன்னொன்றில். அமெரிக்கா மட்டும் இரண்டிலும் வரும். முதியவர்களைப் பற்றிய அவர்களின் ‘எச்ஆர்எஸ்’ ஆய்வு கேட்டும் எழுதுகிறது, 2006 முதல் அளக்கவும் செய்கிறது. சொன்னதற்கும் அளந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று யாராவது கேட்டால், முதலில் படங்களில் அமெரிக்காவுக்குரிய அந்த இரண்டு கம்பங்களைத்தான் காட்டுகிறேன்.