பாலையா, மாலையா?

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் சிறப்புப் பயிற்றுநர் வேலையில் ஒரே பள்ளியில் உட்கார முடியாது. வட்டார வள மையத்திலிருந்து கிளம்பி, திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர் என்று சுற்றிக்கொண்டே இருப்போம். அப்படிப் போன ஒரு நடுநிலைப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. “பாடம் புரிஞ்சுதாம்மா?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். மூன்று மாதம் அந்தத் தலையாட்டலை நம்பி, பதிவேட்டில் ‘முன்னேற்றம் நன்று’ என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

ஒரு நாள் தமிழ் வகுப்பில் ஐவகை நிலங்கள் நடந்தது. டீச்சர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, “பாலையை மட்டும் படம் வரைங்க” என்று வாயால் சொன்னார். மற்ற பிள்ளைகள் மணலும் கள்ளியும் சுட்டெரிக்கும் சூரியனும் வரைந்துகொண்டிருந்தார்கள். இவள் ஒரு பூமாலை வரைந்திருந்தாள். ஒவ்வொரு பூவுக்கும் இதழ் பிரித்து, இடையிடையே பச்சை இலை வைத்து, அவ்வளவு அழகாக.

அன்று சாயங்காலம் வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பாலை, மாலை. படி, மடி. பணம், மணம். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. ப-வுக்கும் ம-வுக்கும் உள்ள வித்தியாசம் மூக்கு வழியாக வரும் ஒலியில் இருக்கிறது. அதைக் கண் எப்படிப் பார்க்கும்? க-வோ தொண்டைப் பக்கம் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. அவள் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் “வராங்க” என்று பேசுகிறோம், புத்தகத்தில் “வருகிறார்கள்” என்று இருக்கிறது. காது கேட்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தானாகவே பிடிபட்டுவிடும். இவளுக்கு உதட்டில் ஒரு தமிழ், தாளில் வேறொரு தமிழ். வேற்றுமை உருபுகளும் அப்படித்தான். ‘அம்மா கடை போனாள்’ என்று எழுதுவாள். அந்த ‘-க்கு’ பேச்சில் ஓடி மறைந்துவிடுகிறது. அதைக் கேட்டுப் பழகாத பிள்ளையிடம் பிழை என்று சிவப்பு மை போட எனக்குக் கை வரவில்லை.

மெஷின் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காது கேட்கும் கருவி டீச்சரின் குரலோடு மின்விசிறிச் சத்தத்தையும் பெஞ்சு இழுபடும் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பிள்ளை வளர வளர காதில் பொருத்தும் மோல்டு தளர்ந்துபோய் ‘கூ’ என்று விசிலடிக்கும். இவள் அம்மா தொலைந்துவிடுமே என்ற பயத்தில் மெஷினைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பேட்டரி எப்படி மாற்றுவது என்று யாரும் அவருக்குப் பொறுமையாகக் காட்டவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து இருவரும் பழகிக்கொண்டோம்.

மதியத்துக்கு மேல் அவள் மேசையில் தலை வைத்துப் படுத்துவிடுவாள். சோம்பேறித்தனம் என்றார்கள். காலையிலிருந்து கண் இமைக்காமல் உதடுகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். குனிந்து எழுதினால் உதட்டை விட்டுவிடுவாள், உதட்டைப் பார்த்தால் எழுத முடியாது.

அதே வகுப்பில் மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசம் உள்ள பையனும் இருக்கிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் சொன்னது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அது 21 ஆனது, ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தன. பத்தாம் வகுப்புத் தேர்வில் இவளைப் போன்றவர்களுக்குக் கூடுதல் நேரமும் ஒரு மொழிப்பாட விலக்கும் உண்டு. தேவையான சலுகைதான். ஆனால் “அதான் விலக்கு இருக்கே” என்று ஆறாம் வகுப்பிலேயே மொழி கற்பிப்பதைக் கைவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

நாங்கள் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. அவளை முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசை ஓரத்துக்கு மாற்றினோம், திரும்பினால் மற்ற பிள்ளைகளின் முகமும் தெரியட்டும் என்று. டீச்சர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பதை விட்டார். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் இருட்டாகிவிடும். முக்கியமான சொற்களை முதலிலேயே கரும்பலகையில் எழுதினார். பக்கத்துப் பெண் சைகையில் பாதிப் பாடம் சொல்லக் கற்றுக்கொண்டாள், என்னைவிட வேகமாக. நானும் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “என்ன புரிஞ்சுது, காட்டு” என்கிறேன்.

போன மாதம் அறிவியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சார் பலகையைப் பார்த்துப் படம் போட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். அவள் மேசையை இரண்டு தட்டு தட்டினாள். சார் திரும்பினார். அவள் இல்லை என்று தலையசைத்துவிட்டு, தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து முதலிலிருந்து சொன்னார்.