மூன்றாவது பிரேஸ்

என் இடது முழங்காலின் முன்சிலுவை ஜவ்வு, மருத்துவர்கள் ஏசிஎல் என்று சொல்வது, பனிச்சறுக்கின் செங்குத்தான சரிவில் அறுபடவில்லை. சரிவெல்லாம் முடிந்து, மறுபடி மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டின் வரிசையை நோக்கி ஏறக்குறைய நடை வேகத்தில் சறுக்கி வந்துகொண்டிருந்த சமதளத்தில்தான் அறுந்தது. உடல் பின்பக்கம் சாய்ந்தது. விழுந்து தொலைக்காமல் சமாளித்து எழப் பார்த்தேன். அதற்குள் இடது ஸ்கீயின், அதாவது காலில் மாட்டிய சறுக்குப் பலகையின், வால்பகுதி உள்விளிம்பில் பனியைக் கவ்விக்கொண்டு காலைத் திருகிவிட்டது. முழங்காலுக்குள் ‘பொட்’டென்று ஒரு சத்தம் கேட்டது. காலணியை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது விடுவிக்க வேண்டிய பைண்டிங் கழலவே இல்லை.

பைண்டிங் ஏன் கழலவில்லை என்று அப்போது அதன் மீது கோபப்பட்டேன். பின்னர்தான் விஷயம் புரிந்தது. வழக்கமான பைண்டிங் முன்பக்கத்தில் பக்கவாட்டிலும், குதிகால் பக்கத்தில் மேல்நோக்கியும் விடுபடும்படி செய்யப்பட்டது. கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதே அதன் முதன்மையான வேலை. 1970களுக்குப் பிறகு அத்தகைய எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, எடை முழுவதும் ஸ்கீயின் வாலில் நிற்கும்போது, அந்த வாலே எதிர்த்திசையில் நீண்ட இன்னொரு பாதம்போல நெம்புகோலாக மாறி முழங்காலைத் திருகுகிறது. இதற்கு ‘ஃபேன்டம் ஃபுட்’ என்று பெயர். அந்தத் திருகல் ஜவ்வை எட்டும் அளவுக்குப் பைண்டிங்கின் முன்பகுதியை எட்டுவதில்லை. முழங்காலுக்கு அணியும் தாங்குகருவியான பிரேஸைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி எழுத வந்தவன் விழுந்த கதையை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு: எப்படி விழுந்தோம் என்று சொல்லத் தெரியாதவரை எந்தப் பிரேஸ் வேண்டும் என்பதும் தெரியாது. எனக்கு அது மூன்றாவது பிரேஸ் வாங்கும்போதுதான் தெரிந்தது.

பின்தொடைத் தசைநாரை எடுத்துப் புதிய ஜவ்வாக வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உடற்பயிற்சி, மறுபடி உடற்பயிற்சி. குறைந்தது 9 மாதங்களாவது முடிய வேண்டும், ஒற்றைக்கால் தாவலிலும் தொடை வலிமையிலும் நல்ல காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும், இரண்டும் நிறைவேறினால்தான் பனிக்குத் திரும்பலாம் என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் 11ஆம் மாதத்தில் அந்த அளவைத் தாண்டினேன். பிரேஸ் அணிய வேண்டுமா என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்டபோது, “அணிந்தால் நல்லது, ஆனால் அதை நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்” என்றார். பிசியோதெரபிஸ்ட்டிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டார்: “எந்த அசைவை நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” வலிக்காமல் இருக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் விளங்குவதற்குள் நான் இரண்டு பிரேஸ்களை வாங்கிவிட்டேன்.

முதலில் வாங்கியது எல்லோரும் வாங்குவதைத்தான்: பின்னல் துணியால் ஆன, இழுத்து மாட்டும் உறை. நாம் ‘நீ கேப்’ என்று சொல்கிறோமே, அதுவேதான். அணிந்தவுடன் முழங்கால் இறுக்கமாக, கதகதப்பாக, யாரோ உள்ளங்கையால் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. அந்த உணர்வு பொய்யல்ல. தோலின் மீது படியும் அழுத்தம், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்குக் கூடுதலாக உணர்த்துகிறது என்பார்கள். லேசான வீக்கத்துக்கும், மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலிக்கும், முழங்கால் சில்லைச் சுற்றிய எரிச்சலுக்கும் இது உதவக்கூடும். ஆனால் அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் என்னைப் படுக்க வைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்காலை மெல்லப் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினார். உறை அணிந்திருந்தபோதும் கால் அதே அளவுதான் அசைந்தது. உறையும் கூடவே அசைந்தது. இத்தனைக்கும் அவர் இரண்டு விரல்களால்தான் தள்ளினார். அந்த ஒரு நொடியில் புரிந்தது, துணி எதையும் தடுக்காது என்று. ஆனாலும் அந்த உறையை நான் தூக்கிப் போடவில்லை. நாள் முழுவதும் சறுக்கிவிட்டு வந்த மாலைகளில் அணிந்துகொள்ள அது நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவதாக வாங்கியது, நியோப்ரீன் துணியின் இரு பக்கங்களிலும் உலோகக் கம்பியும் கீலும் வைத்துத் தைத்து, முன்பக்கம் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டும் வகை. கீல் இருக்கிறதே, இனி என்ன கவலை என்று நினைத்தேன். இதை நான் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இது வேறொரு காயத்துக்கு ஏற்ற பொருள். ஸ்கீக்களின் முனைகளைச் சேர்த்து ஆப்பு வடிவில் நிறுத்தப் பழகும் புதியவர்கள், ஸ்கீ முனை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்போது, முழங்காலின் உட்பக்க ஜவ்வை இழுத்துக்கொள்வது மிகச் சாதாரணம். அந்த ஜவ்வு ஓரளவு கிழிந்து ஆறியவர்களுக்கு, முழங்கால் உள்நோக்கி மடங்காமல் பக்கக் கம்பிகள் தாங்கிக்கொடுக்கும். என் பிரச்சினை கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவுவதும் திருகுவதும். துணியின் மீது தைத்த கம்பி துணியோடு சேர்ந்து சுழலுமே தவிர அதைப் பிடித்து நிறுத்தாது. போதாக்குறைக்கு இரண்டு மணி நேரம் அணிந்திருந்ததில் முழங்காலின் பின்மடிப்பில் சிவந்து அரிப்பெடுத்தது. நியோப்ரீன் தயாரிப்பில் சேரும் தையோயூரியா வகைச் சேர்மங்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று தோல் மருத்துவர் சொன்ன பிறகு, அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று ஒப்புக்கொண்டேன்.

அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட்டின் கேள்விக்கு உருப்படியான பதிலோடு போனேன். முழங்கால் முழுவதுமாக நீண்டு பின்னோக்கி வளையக் கூடாது. கீழ்க்கால் முன்னால் நழுவக் கூடாது. திருகல் இயன்றவரை குறைய வேண்டும். “இப்போது சொன்னீர்களே, இதற்குக் கெட்டியான சட்டம் வேண்டும்” என்றார். அலுமினியம் அல்லது கார்பன் இழையாலான அந்தச் சட்டம் தொடையிலும் கீழ்க்காலிலும் முன்னும் பின்னுமாக நான்கு இடங்களில் அழுத்தம் கொடுத்து மூட்டைக் கட்டுப்படுத்துகிறது. கீலுக்குள் சிறிய தடுப்புத் துண்டு ஒன்றைச் செருகி, கால் 10 டிகிரி மடங்கிய நிலைக்கு மேல் நீளாதபடி செய்துகொள்ளலாம். பனிச்சறுக்கில் முழங்கால் எப்படியும் மடங்கியே இருப்பதால் அந்த 10 டிகிரி இழப்பைச் சறுக்கும்போது உணரவே முடியாது, படியேறும்போதுதான் தெரியும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றும் தேடிப் படித்தேன். ஏசிஎல் சிகிச்சை செய்துகொண்ட பனிச்சறுக்கு நிலையப் பணியாளர்கள் 820 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணியாதவர்களுக்கு மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு அணிந்தவர்களைவிட 2.74 மடங்கு என்று இருந்தது. எண்ணைப் பார்த்ததும் துள்ளினேன், பிறகு நிதானித்தேன். யார் அணிவது, யார் அணியாமலிருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல அது. தவிர, அவர்கள் நாள்தோறும் பனியில் வேலை செய்தவர்கள். நானோ ஆண்டுக்குச் சில நாள்கள் போகிறவன். சிகிச்சை செய்துகொண்ட எல்லோரும் கட்டாயம் அணிய வேண்டும் என்ற முடிவுக்கு மருத்துவ உலகம் வந்துவிடவும் இல்லை. ஆனாலும் பனியைப் பொறுத்தவரை கணக்கு பிரேஸின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே எனக்குப் பட்டது.

அளவெடுப்பதில் ஒரு தவறு செய்தேன். சில்லின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடைச் சுற்றளவையும், 15 சென்டிமீட்டர் கீழே கெண்டைச் சுற்றளவையும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி முடித்து வந்த மாலையில், கால் வீங்கியிருந்தபோது அளந்துவிட்டேன். மறுநாள் காலையில் மீண்டும் அளந்தபோது எண் மாறியிருந்தது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் தடுமாறியதற்குக் காரணம் அதுதான் என்று தெரிந்தது. இன்னொன்று: அறுவை சிகிச்சைக்குப் பின் தொடைத் தசை வற்றிவிடும். அப்போது என் இடது தொடை வலது தொடையைவிட 2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே அவசரப்பட்டு அளவு கொடுத்திருந்தால், பனிக்குப் போகும் நேரத்தில் அந்தப் பிரேஸ் தொடையில் ஏறியிருக்காது. தசை ஓரளவு தேறிய பிறகு, காலையில், நின்றுகொண்டு அளப்பதே சரி. காலின் வடிவம் அசாதாரணமாக இருந்தால் அச்செடுத்துச் செய்வார்கள். எனக்கு ஆயத்த அளவே போதுமானதாக இருந்தது.

விற்பனையாளர் எதிரில் வெறுங்காலில் அணிந்து நடந்து பார்த்தபோது அது அற்புதமாகப் பொருந்தியது. வீட்டுக்கு வந்து, சும்மா ஒரு எண்ணத்தில், ஸ்கீ பூட்டையும் மாட்டிப் பார்த்தேன். அந்த எண்ணம் வராமல் போயிருந்தால் பனியில் முதல் நாளே பாழாகியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பூட்டின் நான்கு பக்கிள்களையும் போட்டு, எழுந்து, சறுக்கும் நிலையில் முழங்காலை முன்னே தள்ளி மடக்கினேன். ‘டக்’. பிரேஸின் கீழ்விளிம்பு பூட்டின் மேல்விளிம்பில் மோதியது. மறுபடி மடக்கினேன், மறுபடி ‘டக்’. ஒவ்வொரு மோதலிலும் பிரேஸ் சற்றே மேலேறியது. முப்பது முறை மடக்கி நிமிர்ந்த பின் குனிந்து பார்த்தால், கீல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே போயிருந்தது. கீழ்க்கால் எலும்பின் மீது பிறை வடிவில் ஒரு சிவப்புத் தடம் பதிந்திருந்தது. கீல் இடம் மாறினால், மூட்டு ஓர் அச்சில் மடங்கும், சட்டம் வேறோர் அச்சில் மடங்கும். அப்புறம் அது காக்கிறதா, இழுக்கிறதா என்றே சொல்ல முடியாது. அந்தப் பிரேஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே வகையில் கீழ்ப்பகுதி குட்டையானதாகக் கேட்டு வாங்கினேன். பூட்டை எடுத்துக்கொண்டு போய், இரண்டையும் ஒன்றாக அணிந்து பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பனியில் முதல் நாள் வேறு பாடங்கள். தெர்மல் உள்ளாடையின் மேல் அணிந்ததால் மூன்றாவது லிஃப்ட் பயணத்திலேயே பிரேஸ் வழுக்கிக் கீழே இறங்கிவிட்டது. மறுநாள் உள்ளாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, தோலின் மீது மெல்லிய உள்ளுறை மட்டும் அணிந்து அதன்மேல் மாட்டினேன், அதற்கப்புறம் நழுவவில்லை. பட்டைகளைக் கட்டும் வரிசையும் முக்கியம்: முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கெண்டைச்சதைக்கு மேலே வரும் பட்டைதான் மொத்தப் பிரேஸையும் தாங்கி நிறுத்துகிறது என்பதால், அதை முதலில் இறுக்க வேண்டும். தொடைப் பட்டையை முதலில் இறுக்கியவன் நான். நண்பகலுக்குள் கால் லேசாக வீங்குவதும் பட்டைகள் தளர்வதும் சகஜம். அப்போது பனியில் நின்றுகொண்டே சரிசெய்ய, பக்கவாட்டில் முழு நீள ஜிப் உள்ள கால்சட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, நடுங்கும் குளிரில் கால்சட்டையை இறக்கிவிட்டு நின்றவன் என்ற முறையில் நான் விவரிக்க விரும்பவில்லை.

பைண்டிங்கையும் விட்டுவிடக் கூடாது. எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு அது விடுபடும் அளவைக் கணக்கிடுகிறார்கள். முழங்காலைக் காட்டி, இன்னும் குறைத்து வைக்க முடியுமா என்று தொழில்நுட்பரைக் கேட்டேன். தேவைக்குக் கீழே குறைத்தால் சாதாரணத் திருப்பத்திலேயே ஸ்கீ கழன்று, அதனாலேயே விழுவீர்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி. விழத் தொடங்கினால் எழ முயலாமல் விழுந்துவிட வேண்டும், சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது என்பதையும் அந்தப் பயணத்தில் வேண்டுமென்றே பழகினேன். அதை எந்தப் பிரேஸும் எனக்காகச் செய்யாது.

அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் மறுபடி அளந்து பார்த்தேன். இரண்டு தொடைகளுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் அரை சென்டிமீட்டராகக் குறைந்திருந்தது. கீலின் உட்பக்கத் திண்டு எலும்பை அழுத்தியது. பிரேஸை மாற்றவில்லை. திண்டை மட்டும் கழற்றி, கூடவே வந்த மெல்லிய திண்டை ஒட்டினேன். பூட்டை மாட்டி, முப்பது முறை மடக்கி நிமிர்ந்தேன். சத்தம் எதுவும் வரவில்லை.