முகம் மட்டும் வெளுத்த படம்

ஜூலை 8, 2024, திங்கள்

பத்தாம் வகுப்புப் பெண்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஸ்டுடியோவிலிருந்து வந்துவிட்டன. உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவள் ஒரு படத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. காதும் கழுத்தும் அவளுடைய சொந்த நிறத்திலேயே இருக்கின்றன. தாடையோரம் இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடம் அப்பட்டமாகத் தெரிகிறது. இடது கன்னத்து மச்சத்தைக் காணோம். பள்ளிப் பதிவேட்டில் அங்க அடையாளமாக நாங்கள் எழுதி வைத்திருப்பதே அந்த மச்சத்தைத்தான்!

ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். "பிள்ளைகளே கேட்கிறார்கள், டீச்சர். கேட்காவிட்டாலும் செய்துவிடுவோம். இல்லையென்றால் படம் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள்" என்றார்.

ஜூலை 9, செவ்வாய்

அவளைத் தனியாக அழைத்துப் படத்தைக் காட்டினேன். "இதிலாவது நான் நன்றாக இருக்கிறேன் இல்லையா, மிஸ்?" என்றாள். அந்த 'இதிலாவது' என்னைத் தூங்கவிடவில்லை.

ஜூலை 10, புதன்

இந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அவளிடம் இருந்ததைப் பறித்தவர்கள் இருக்கிறார்கள். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் சந்தைக்கு வந்தது. அதன் ஒரு விளம்பரத்தில், சம்பாதிக்க மகன் இல்லையே என்று தந்தை ஏங்குவார். மகள் க்ரீம் பூசி வெளுத்து விமானப் பணிப்பெண் ஆகிவிடுவாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகுதான், 2003-இல், அது தொலைக்காட்சியிலிருந்து போனது. கறுப்பாக இருப்பவர்களை அழகற்றவர்களாகவோ வாழ்வில் தோற்றவர்களாகவோ காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தரக் கண்காணிப்பு அமைப்பு விதி வகுக்க 2014 வரை ஆயிற்று. 2020-இல் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' வந்தது.

அதற்குள் மூன்று தலைமுறைப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று அழுதாயிற்று. இப்போதோ க்ரீமே வேண்டாம். செல்போன் கேமராவே ஒரு நொடியில் வெளுத்துக் கொடுத்துவிடுகிறது.

சினிமாவை மட்டும் விட்டுவிட முடியுமா? ரஜினிகாந்தின் நிறத்தை இந்த ஊர் கொண்டாடியது, சந்தோஷம். அதே நிறத்தில் ஒரு பெண்ணைக் கதாநாயகியாக்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? கறுத்த பெண்ணைக் கேலிக்காகவே கொண்டுவந்து நிறுத்திய நகைச்சுவைக் காட்சிகள் எத்தனை! வகுப்பில் பையன்கள் வைக்கும் பட்டப்பெயர்கள் பாதி அங்கிருந்து வந்தவை.

ஜூலை 12, வெள்ளி

ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. "வயதுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும்" என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். நான் ஃபிஜித் தீவைப் பற்றிச் சொன்னேன். அங்கே சதைப்பிடிப்பான உடல்தான் நல்ல உடல். "இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்பதுதான் உபசாரம். 1995-இல் நாண்ட்ரோங்கா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மறுபடி 1998-இலும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவியரிடம் விசாரித்தார். உடல் இளைப்பதற்காகத் தாமாக வாந்தியெடுப்பதாக முதல் முறை ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றே ஆண்டுகளில் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். வயது அங்கே முன்பும் இருந்தது, புதிதாக வந்தது பெட்டிதான்.

அவர் பதில் பேசவில்லை. டீயை முடித்துவிட்டு, "அந்தக் கட்டுரை இருந்தால் கொடு" என்றார்.

ஜூலை 13, சனி

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள், "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் நிறத்தைக் காட்டி இரண்டு பவுன் கூடக் கேட்பார்கள், டீச்சர். நீங்களா கொடுக்கப் போகிறீர்கள்?" என்றார். அவர் கவலையில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பதினைந்து வயதுக் குழந்தையின் தலையில் இப்போதே ஏற்றுவதற்கு நான் உடன்பட மாட்டேன். அதை அவரிடமே சொன்னேன். கோபித்துக்கொண்டுதான் போனார்.

திங்கட்கிழமை அவளை ஸ்டுடியோவுக்கு நானே அழைத்துப் போகிறேன். பள்ளிக்காக எடுக்கும் படங்களில் யார் முகத்திலும் கை வைக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்காரரிடம் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறார். மச்சத்தோடு ஒரு படம் வேண்டும்.