பீச்சாங்கை லே-அப்

பதினோரு வயதில் என் கையில் முதல் பாஸ்கெட்பால் பந்தைக் கொடுத்த சார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பாப்பா, பீச்சாங்கையை மறந்துரு. சோத்துக்கையில போடு, தானா உள்ள விழும்." போட்டேன், விழுந்தது. அடுத்த பதின்மூன்று வருடங்களுக்கு அதுதான் என் ஆட்டம்.

எங்கள் வீடு மதுரை செல்லூர். செல்லூர் என்றால் கபடி. அங்கே பிறந்துவிட்டு பாஸ்கெட்பாலுக்கு நான் போனதற்குக் காரணம் என் உயரம்தான். அப்பா தறி வேலை. விடிவதற்கு முன்பே அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியாக ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போய்விடுவேன். டவுசரோடு தெருவில் போனால் பேசுவார்கள் என்று அம்மா அதற்கு மேல் பாவாடையைக் கட்டிவிடுவார். கோர்ட் ஓரத்தில் பாவாடையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு ஓடத் தொடங்குவேன். அந்த மடிப்பு கலையாமல் இருந்தால்தான் வீட்டுக்குள் போக முடியும்.

எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் பையன்கள் ஆடித் தேய்ந்த ஏழாம் எண் பந்து. பெண்களுக்கான ஆறாம் எண் பந்து சுற்றளவில் ஒரு அங்குலம் சின்னது. அதைப் பின்னாளில் ஒரு மாநிலப் போட்டியில் முதன்முதலில் தொட்டபோது தேங்காயை வைத்துவிட்டு ஆரஞ்சுப் பழத்தை எடுத்ததுபோல இருந்தது. வளையம் மட்டும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பத்தடி உயரம்தான்.

நான் பள்ளியில் ஆடியபோது இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி, பந்து கைக்கு வந்தால் வளையத்தை நோக்கி எய்ய முப்பது விநாடி. 2000இல் விதி மாறி பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, இருபத்து நான்கு விநாடி என்று ஆனது. ஆட்டத்தின் வேகம் கூடியது. வேகமாக ஓடி ஏறும் எனக்கு அது வசதியாகப் போனது. கல்லூரி, பல்கலைக்கழக அணி, அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. சரி, வாழ்க்கை செட்டிலாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

2007இல் ஒரு போட்டியில் வலது பக்கமாக ஏறி, எம்பி, இறங்கினேன். இடது முட்டிக்குள் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம். என்னைத் தடுக்க வந்த பெண்ணுக்குக்கூட அது கேட்டிருக்கிறது. அவள்தான் முதலில் அழுதாள். முட்டியின் நடுவே இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பது மாதம் கோர்ட் பக்கம் வரக்கூடாது என்றார் டாக்டர். அலுவலகத்தில் மூன்றாவது மாதமே, ஆட முடியாதவருக்கு எதற்குப் பயிற்சி நேரச் சலுகை என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு முட்டியைவிட அதிகமாக வலித்தது.

ஓடி வந்து எம்பி வளையத்துக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவதுதான் லே-அப். அதில் வலது கையால் பந்து போட இடது காலில் எம்ப வேண்டும். இடது கையால் போட வலது காலில் எம்ப வேண்டும். திரும்பி வந்தபோது இடது காலை நம்பி எம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மிச்சம் இருந்தது வலது கால். வலது கால் என்றால் பீச்சாங்கை. இருபத்தைந்து வயதில், சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, வளையத்துக்கு இடது பக்கமிருந்து ஒரு எட்டு, இரண்டு எட்டு வைத்துப் பழகினேன். முதல் வாரம் பந்து வளையத்துக்குப் பின்னால் இருக்கும் போர்டில்கூடப் படவில்லை. மூன்று மாதத்தில் விழ ஆரம்பித்தது. அதன் பிறகு ஆடிய இரண்டு சீசன்தான் என் நல்ல ஆட்டம். எதிரணிக்காரர்களுக்கு நான் எந்தப் பக்கம் போவேன் என்று தெரியாமல் போயிற்று.

பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். என்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு முடித்துக் கோச் ஆனதும் முதல் நாள் முதல் பாடமாக இடது கையைத்தான் வைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான். வலது கையைப் பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு இடது கையால் மட்டும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போகச் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், பந்து எங்கேயோ ஓடும்.

இடது கையைப் பழக்குவது சுலபம். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்களே, அதைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. "படிப்பு கெட்டுப்போகும் மிஸ்", "கறுத்துப் போறா மிஸ்", "நாளைக்குக் கட்டிக் கொடுக்கணுமே மிஸ்." ஒவ்வோர் அம்மாவிடமும் அனிதா பால்துரையைப் பற்றிச் சொல்வேன். சென்னைப் பெண், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்புகளில் ஆடியவர். குழந்தை பெற்ற பிறகும் கோர்ட்டுக்குத் திரும்பி வந்தவர். 2021இல் பத்மஸ்ரீ. பத்மஸ்ரீ என்றதும் அம்மாக்கள் நிமிர்வார்கள். எனக்கென்னவோ, குழந்தைக்குப் பிறகு மறுபடி ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு இறங்கினாரே, அந்த நாள்தான் பெரிதாகப் படுகிறது.

போன ஜூனில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். என்ன சொன்னாலும் ஒரு நொடி தயங்கித்தான் செய்வாள். பந்தைத் தூக்கிப் போட்டால் இடது கை முந்தும், உடனே அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டுவாள், பந்து நழுவிவிடும். நான்காவது நாள்தான் எனக்கு உறைத்தது. பிறவியிலேயே இடது கைக்காரி. பீச்சாங்கையில் வாங்காதே, கொடுக்காதே என்று வீட்டில் அடித்து மாற்றியிருக்கிறார்கள். இடது பக்கம் நிறுத்தி, "உனக்கு எது வருதோ அதுல போடு தாயி" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தாள். வலது காலில் எம்பி, விரல் நுனியால் போர்டில் வைத்துவிட்டு இறங்கினாள். வளையத்தில் படாமல் வலை மட்டும் அசைந்தது. நான் மூன்று மாதம் பாடுபட்டுப் பழகியது அவளுக்குக் கேட்காமலே இருந்தது.

இப்போது அவள் கடைசி பஸ்ஸைத் தவறவிடும் வரைக்கும் ஆடுகிறாள். இரண்டு தடவை நானே டூவீலரில் கொண்டுபோய் விட்டேன். வருகிற திங்கள்கிழமை அவளுக்கு வலது கை ஆரம்பம். இப்போதைக்கு அது சுத்தமாக வரவில்லை.