பின்சக்கரங்களுக்கு 15 மி.மீ. ஸ்பேசர்: பொருத்திப் பார்த்த அனுபவம்

என் காரின் பின்சக்கரங்கள் மட்கார்டு விளிம்பிலிருந்து நன்றாக உள்வாங்கியும், முன்சக்கரங்கள் அவற்றைவிட வெளியே தள்ளியும் நிற்பது வாங்கிய நாளிலிருந்தே கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. ரிம்களை மாற்றும் எண்ணம் இல்லாததால், பின்பக்கத்துக்கு மட்டும் ஸ்பேசர், அதாவது சக்கரத்துக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் இடையே வைக்கும் உலோகத் தகடு, போடுவதென்று முடிவுசெய்தேன். பக்கத்துக்கு 15 மி.மீ. என்றால் இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையிலான அகலம் மொத்தத்தில் 30 மி.மீ. கூடும், ரிம்மில் 45 என்று பொறிக்கப்பட்டிருக்கும் ஆஃப்செட் அளவு (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்பது), நடைமுறையில் 30 ஆகிவிடும். முன்பக்கத்தைத் தொடாததற்குக் காரணம் உண்டு. அங்கே சக்கரத்தை வெளியே தள்ளினால், ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் டயரின் நடுப்பகுதிக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். பின்பக்கத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எவ்வளவு தடிமன் என்பதை முடிவுசெய்ய, மட்கார்டின் உச்சியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைப் போல ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் புடைத்த பக்கவாட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். ஒரு பக்கம் 26 மி.மீ., மறுபக்கம் 23 மி.மீ. இருந்தது. பாடியும் அச்சும் இம்மி பிசகாமல் நடுவில் அமைவது அரிது என்பதால், குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். விளிம்போடு விளிம்பாக நிற்கவேண்டும் என்று 20, 25 மி.மீ. போடுவோர் உண்டு, ஆனால் சுமை ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் எங்கே போகும் என்பதை அவர்கள் நின்றிருக்கும் காரைப் பார்த்தே தீர்மானிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

15 மி.மீ. என்ற அளவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹப்பின் நடுவில் சக்கரத்தை மையப்படுத்தும் ஒரு கழுத்து உண்டு. என் காரில் அதன் விட்டம் 57.1 மி.மீ.; பிரேக் டிஸ்க்கின் முகத்திலிருந்து அது ஏறத்தாழ 10 மி.மீ. வெளியே நீண்டிருக்கிறது. ஸ்பேசர் 5 மி.மீ. ஆக இருந்தால், அந்தக் கழுத்தின் மிச்சமே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தடிமன் 10 மி.மீ. ஆனால் கழுத்து முழுவதும் ஸ்பேசருக்குள் மறைந்துவிடும். ஸ்பேசரின் வெளிமுகத்தில் அதே விட்டத்தில் புதிய கழுத்து ஒன்றைக் கடைந்தெடுக்க உலோகமும் மிஞ்சாது. 15 மி.மீ. தடிமனில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. நடுத்துளை பெரிதாக, எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கழுத்தில்லாத ஸ்பேசர்களை நான் பொருட்படுத்தவே இல்லை. அவற்றில் சக்கரம் போல்ட்டுகளை வைத்தே மையப்பட வேண்டியிருப்பதால், வேகத்தில் அதிர்வு வர வாய்ப்பு அதிகம்.

சக்கரத்தின் பாரத்தைப் போல்ட்டுகள்தாம் தாங்குகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போல்ட்டுகள் செய்வது, சக்கரத்தை ஹப்போடு பலமாக அழுத்திப் பிடிப்பது மட்டுமே. பாரத்தையும் பிரேக்கின் விசையையும் அந்த அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கு இடையே எழும் உராய்வு சுமக்கிறது. ஸ்பேசர் நடுவில் வந்ததும் முகங்களின் சந்திப்பு ஒன்று இரண்டாகிறது. ஆகவே வேலையின் பெரும்பகுதி ஸ்பேசரை மாட்டுவதில் இல்லை, அது உட்காரும் இடத்தைத் தயார்செய்வதில் இருக்கிறது.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். சக்கரத்தைக் கழற்றியதும், டிஸ்க்கின் முகம் நடுவே பளிச்சென்றும், கழுத்தின் அடியைச் சுற்றி மட்டும் செதில் செதிலாகத் துரு படிந்தும் தெரிந்தது. ரிம்மின் பின்புறத்தில் அந்த இடம் சரித்துக் கடையப்பட்டிருப்பதால், அதன் அடியில் துரு தங்கியிருந்தாலும் ரிம் சரியாகவே உட்கார்ந்துவிடும். ஸ்பேசரின் சரிவு அதைவிடச் சிறியது. சுத்தம் செய்யும் முன் வெறுமனே வைத்துப் பார்த்தபோது, ஓரத்தில் ஃபீலர் கேஜின் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு) 0.15 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மூலையில் மிஞ்சியதை மழுங்கிய ஸ்குரூடிரைவரால் சுரண்டி, எமரித் தாளால் துடைத்தெடுத்த பின் மிக மெல்லிய 0.05 மி.மீ. தகடுகூட எந்தப் பக்கத்திலும் நுழையவில்லை. டிஸ்க்கை ஹப்போடு பிடித்திருக்கும் சிறிய திருகின் தலை முகத்துக்கு மேலே துருத்தவில்லை என்பதையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். அழுத்தம் விழும் முகங்களில் கிரீஸோ பெயிண்ட்டோ எதுவும் பூசவில்லை. கழுத்தின் பக்கச் சுவரில் மட்டும், பின்னாளில் இறுகிவிடாமலிருக்க, துருத்தடுப்புப் பசையை மெல்லியதாகத் தடவினேன்.

அடுத்தது போல்ட். பழைய போல்ட்டின் மரைப்பகுதி 27 மி.மீ. நீளம், ஆகவே 42 மி.மீ. நீளமுள்ள, 10.9 என்ற வலிமைத் தரம் தலையில் பொறிக்கப்பட்ட புதியவற்றை வாங்கினேன். மரை எம் 14, அதாவது விட்டம் 14 மி.மீ.; ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.5 மி.மீ. மரை குறைந்தது போல்ட்டின் விட்டத்தின் அளவுக்காவது உள்ளே ஏறியிருக்க வேண்டும் என்பது விதி; 14 மி.மீ. என்றால் பத்துச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. தலையின் அடிப்பகுதி ரிம்மின் குழிக்கு ஒத்திருக்கிறதா என்பதும் முக்கியம்: உருண்டைக் குழியில் கூம்புத் தலையைப் போட்டால், ஓர் ஓரம் மட்டுமே தொட்டு, ஓட ஓடத் தளர்ந்துவிடும். நீண்ட போல்ட்டால் வேறொரு அபாயமும் இருக்கிறது. அது தேவைக்கு மேல் நீண்டால், நுனி ஹப்பின் பின்புறமாக வெளிவந்து ஹேண்ட் பிரேக்கின் பாகங்களில் உரசும். எனவே சக்கரத்தைப் பொருத்தி, போல்ட்டுகளை மிதமாக முடுக்கி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றி, உரசும் ஒலி ஏதும் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

பிறகு எதிரெதிர் வரிசையில் படிப்படியாக முடுக்கி, சக்கரங்களைத் தரையில் இறக்கியதும் காரின் கையேடு சொல்லும் 120 நியூட்டன் மீட்டருக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நிறைவுசெய்தேன். மரையில் எண்ணெய் விடவில்லை. உராய்வு குறைந்தால் அதே அளவு முடுக்கத்தில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

மட்கார்டு விளிம்பின் உள்மடிப்பில் சாக்பீஸை அழுத்தமாகத் தேய்த்துவிட்டு, டிக்கியில் மணல் மூட்டைகளும் பின்சீட்டில் ஆட்களுமாக வேகத்தடைகள் நிறைந்த சாலையில் ஓட்டினேன். சாக்பீஸ் கோடு இருபுறமும் கலையாமல் இருந்தது. 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சை மீண்டும் வைத்துப் பார்த்தபோது, ஒரே ஒரு போல்ட் மட்டும் சிறிதளவு நகர்ந்து நின்றது. அடுத்த சோதனையில் எதுவும் அசையவில்லை.

ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரிகிறது என்று சொன்னால் அது மிகை. ஏறத்தாழ 1,500 மி.மீ. அகலத்தில் 30 மி.மீ. என்பது நூற்றுக்கு இரண்டு பங்குதான். நீண்ட வளைவுகளில் பின்பகுதி சற்று நிதானமாக இருப்பதுபோல் தோன்றுவது, கண் பார்த்த மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். சேறு கதவின் பின்பகுதியில் முன்பைவிட அதிகமாகத் தெறிக்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. சக்கரத்தின் பாரம் வெளியே தள்ளிப்போனதால் பேரிங்குக்குச் சுமை கூடும். ஆகவே சர்வீஸின்போதெல்லாம் பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கியிருக்கிறேன்.

பழைய போல்ட்டுகள் இப்போது ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு துணிப்பையில் இருக்கின்றன. முன்சக்கரத்துக்கு என்றும் குட்டைப் போல்ட்தான். பின்பக்கம் பஞ்சரானால் ஸ்பேசரையும் சேர்த்துக் கழற்றிவிட்டு, அந்தப் பையிலிருக்கும் போல்ட்டுகளாலேயே ஸ்டெப்னியைப் பூட்ட வேண்டும்; ஸ்பேசர் இல்லாத ஹப்பில் 42 மி.மீ. போல்ட்டை முடுக்கினால் அது 15 மி.மீ. கூடுதலாக உள்ளே இறங்கிப் பின்னாலுள்ள பாகங்களை உடைத்துவிடும். வீட்டில் வேறு யாராவது காரை எடுத்துச்செல்லும்போதும் தெரியவேண்டும் என்பதற்காக, இதை ஒரு அட்டையில் எழுதி ஜாக்கியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறேன்.