புரட்டாசியில் ஒரு வறண்ட வாரம்: டெல்டாவுக்கு ஏழு நாள் வானிலைக் குறிப்பு எழுதிப் பார்த்தது

"பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று புரட்டாசியைச் சொல்வார்கள். டெல்டாவில் குறுவை அறுவடை நடப்பதும் இந்த நாட்களில்தான். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. சாலையோரம் நெல்லைப் பரப்பி வைத்திருப்பவருக்கு "இந்த வாரம் மழை இருக்காது" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. எந்த நாளில் எத்தனை மணிக்குத் தார்ப்பாய் போட வேண்டும், காலையில் எப்போது பிரிக்கலாம் என்பது வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதிப் பார்த்ததில் தேறிய முறை இது.

டெல்டா காயுமா என்பதற்கான முதல் தடயம் ஒடிசா கரையில் கிடைக்கும். வங்கக்கடலின் வடக்கில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகி மத்திய இந்தியாவில் பருவமழை வலுத்தால், தமிழ்நாட்டின் மேல் மேற்குக் காற்று வேகம் பிடிக்கும். அந்தக் காற்று ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டுபோகும். பருவமழையின் தாழ்வழுத்தப் பட்டை இமயமலை அடிவாரத்துக்கு ஏறிவிட்டாலோ கதை மாறும்; மேற்குக் காற்று தளர்ந்து, நமக்கு மாலை இடிமழை ஆரம்பிக்கும். ஆகவே மாடல் (கணினி வானிலைக் கணிப்பு) படங்களில் மழைப் பக்கத்தை மூடிவிட்டு, 850 ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டத்துக் காற்றை, அதாவது ஏறக்குறைய 1.5 கி.மீ. உயரத்தில் வீசுவதை, முதலில் திறக்க வேண்டும். டெல்டாவின் மேல் 25 நாட் (knot; மணிக்குச் சுமார் 46 கி.மீ.) வேகத்துக்குக் குறையாத மேற்குக் காற்று தொடர்ந்து நான்கைந்து நாள் இருந்தால் வறண்ட வாரம் என்ற பக்கம் சாயலாம். இது விதி இல்லை, கைக்கணக்கு. இதற்குத் துணையாக, காரைக்காலில் பறக்கவிடும் வானிலை பலூனின் தரவில் 700 முதல் 500 ஹெக்டாபாஸ்கல் வரை (ஏறக்குறைய 3 முதல் 6 கி.மீ. உயரம்) வெப்பக் கோடும் பனிநிலைக் கோடும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 15 டிகிரிக்கு மேல் விலகி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி விலகி நின்றால், கீழிருந்து கிளம்பும் மேகம் அந்த வறண்ட காற்றில் கரைந்துவிடும்.

மழைப் படத்தை நேரடியாக நம்பியதுதான் முதல் சுற்றில் நடந்த பிழை. உலகளாவிய மாடல்கள் இடிமேகத்தைத் தனித்தனியாகக் காட்ட முடியாமல், ஒரு பெரிய பரப்பு முழுக்க 1, 2 மி.மீ. தூறலாகப் பூசிவிடுகின்றன. அதையும் மதியம் 1 மணி வாக்கில் கொண்டுவந்துவிடும். நிஜத்தில் சேலம், கரூர், திருச்சி பக்கம் மதியத்துக்குப் பிறகு முளைக்கும் மேகம் கிழக்கே நகர்ந்து தஞ்சாவூருக்கு வர இரவு 8 ஆகலாம், 11கூட ஆகலாம். மாடல் சொன்ன நேரத்தை அப்படியே எழுதினால், மதியம் வீணாக மூடிவிட்டு இரவில் நனைய விட வேண்டியதுதான்.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடியும். செவ்வாய் இரவு பெய்தது புதன் கணக்கில் ஏறும். மாடலின் 24 மணிக் கூட்டுத்தொகையோ பெரும்பாலும் கிரீன்விச் நள்ளிரவை, நம் காலை 5.30ஐ, எல்லையாக வைத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட கிரீன்விச் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை கூட்டினால் சரியாகப் பொருந்தும்.

தரையில் தேவைப்படும் கருவிகள் குறைவு: ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி, கஞ்சி போகக் கொதிக்க வைத்த மெல்லிய பருத்தித் துணி, காய்ச்சி வடித்த நீர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. நிழலில், தரையிலிருந்து 1.25 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் வைத்து, ஒன்றின் குமிழில் மட்டும் நனைத்த துணியைச் சுற்றி (அது ஈரக் குமிழ், மற்றது உலர் குமிழ்), ஃபேன் ஓடி மூன்று நிமிடம் ஆனபின் படிக்க வேண்டும். உலர் குமிழ் 35, ஈரக் குமிழ் 25 என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரிக்கான நிறைவு ஆவியழுத்தம் (காற்று தாங்கக்கூடிய உச்ச நீராவியின் அழுத்தம்) 31.7 ஹெக்டாபாஸ்கல், வித்தியாசம் 10ஐ 0.67 என்ற மாறிலியால் பெருக்கிக் கழித்தால் 25.0. 35 டிகிரிக்கான 56.2ஆல் வகுத்தால் ஈரப்பதம் 44 சதவீதம் சொச்சம், பனிநிலை 21 டிகிரி. அன்று நெல் நன்றாகக் காயும். துணியில் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் சில நாளில் உப்புப் படிந்து நுனி விறைத்துவிடும், தண்ணீர் மேலே ஏறாது. ஈரக் குமிழ் ஒரு டிகிரி கூடக் காட்டினாலே பனிநிலை ஒன்றரை டிகிரி உயர்ந்துவிடும். வறண்ட நாள் புழுக்கமான நாளாகப் பதிவாகும். வாரம் ஒருமுறை துணியை மாற்றினால் போதும்.

அழுத்தமானியில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நம் பகுதியில் அழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 வாக்கில் ஏறி, மாலை 4, அதிகாலை 4 வாக்கில் இறங்கும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 3 ஹெக்டாபாஸ்கல் வரை இந்த ஊசலாட்டம் நடக்கும். மாலையில் இறங்குவதைப் பார்த்துப் புயல் என்று நினைக்கக் கூடாது. இன்றைய 10 மணியை நேற்றைய 10 மணியோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் சுற்றில் "மழை இல்லை" என்பதை எடுத்துவிட்டு வாய்ப்பு விழுக்காடாக எழுதியது பெரிய முன்னேற்றம். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் 51 கூட்டு ஓட்டங்களில் (சற்றே மாற்றிய தொடக்க நிலைகளோடு ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவது) 2.5 மி.மீ. மழை தொடும் ஓட்டங்களை எண்ண வேண்டும். ஐந்து இருந்தால் 10 சதவீதம். வாரம் முடிந்ததும் பிரையர் மதிப்பெண் போட வேண்டும்: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (பெய்தால் 1, இல்லையேல் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரி. ஏழு நாளில் ஒருநாள் பெய்தால், எல்லா நாளுக்கும் 0 சொன்னவருக்கு 0.143, எல்லா நாளுக்கும் 10 சதவீதம் சொன்னவருக்கு 0.124. பெய்த அந்த ஒரு நாளுக்கு மட்டும் 40 என்று உயர்த்தியவருக்கு 0.06. குறைவே நல்லது. அந்த ஒரு நாளைப் பிடிப்பதில்தான் முழு உழைப்பும் போக வேண்டும்.

அதைக் காட்டிக் கொடுப்பது கடற்காற்று. மேற்குக் காற்று வலுவாக உள்ளவரை கடற்காற்று நாகப்பட்டினம் கரையைத் தாண்டத் திணறும். மேற்குக் காற்று தளரும் நாளில் மதியம் 3 மணிக்கே மன்னார்குடிக்குக் கிழக்குக் காற்று வந்து சேரும். ஒரு மணி நேரத்தில் பனிநிலை 3, 4 டிகிரி எகிறும். அந்தி வேளையில் மேற்கு அடிவானில் கொல்லன் பட்டடைக்கல் போல் தலை விரிந்த மேகமும் தெரிந்தால், காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரக் குறிப்பு என்ன சொன்னாலும் அன்றிரவு 7 மணிக்கே மூடச் சொல்லிவிட வேண்டும். அடுத்த சுற்றில் மூன்று மாவட்டத்துக்கும் ஒரே வாய்ப்பு எழுதாமல் தஞ்சாவூர், மன்னார்குடி, வேதாரண்யம் மூன்றுக்கும் தனித்தனி எண் போடப்படும். காலை பிரிக்கும் நேரமும் 7 என்பதற்குப் பதில் 9 என்று மாறுகிறது. அதற்கு முன் பிரித்தால் காற்றின் ஈரம் நெல்லிலேயே ஏறுகிறது.